வட்டமா, கோடா, பட்டையா? எண்கள் படமான வரலாறு

உதுமானியப் பேரரசைப் பற்றி நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். கான்ஸ்டாண்டிநோபிளின் வெற்றி, சுல்தான் சுலைமானின் சட்டங்கள், சினான் எழுப்பிய பள்ளிவாசல்கள், இறுதியில் கிலாபத்தின் மறைவு எனப் பட்டியல் நீளும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு நோட்டில் வரைகிறார்களே வட்ட விளக்கப்படம், அதற்கும் அப்பேரரசுக்கும் ஓர் உறவு உண்டென்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1801ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ஒரு நூலில்தான், இன்று அறியப்பட்டவரையில், உலகின் முதல் வட்ட விளக்கப்படம் அச்சேறியது. அந்த வட்டம் குறித்தது துருக்கிப் பேரரசை! ஆசியப் பகுதிக்குப் பச்சை, ஐரோப்பியப் பகுதிக்குச் சிவப்பு, ஆப்பிரிக்கப் பகுதிக்கு மஞ்சள் என மூன்று துண்டுகளாக அவ்வட்டம் பகுக்கப்பட்டிருந்தது. வண்ணம் தீட்டியது அச்சு எந்திரமன்று. செப்புத் தகட்டில் அச்சான கோடுகளுக்குள் மனிதர் கையால் தீட்டிய வண்ணம் அது.

மூன்று கண்டங்களில் கால் பதித்திருந்த ஓர் அரசை ஒரே பார்வையில் காட்ட வேண்டுமென்றால் அதை எப்படி வரைவது என்ற கேள்வியிலிருந்து பிறந்த படம் அது. எண்களைப் படமாக்கும் கலை முழுவதும் இத்தகைய கேள்விகளிலிருந்தே பிறந்திருக்கிறது. எந்தக் கணக்கிற்கு எந்தப் படம் பொருந்தும், பொருந்தாத படம் என்ன தீங்கு செய்யும் என்பதை அந்த வரலாற்றின் வழியே காண விழைகிறோம். இது கணக்காசிரியர்களின் சங்கதி என்று வாசக அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். காலையில் நாளிதழை விரித்தால் பட்டையும் வட்டமுமாகப் பத்துப் படங்கள் கண்ணில் படுகின்றன. அவற்றுள் சில நம்மைப் பற்றியவை. நம் சமுதாயத்தின் எண்ணிக்கையைப் பற்றியவை. அவற்றைப் படிக்கத் தெரியாதவர், தம்மைப் பற்றிப் பிறர் சொல்வது மெய்யா பொய்யா என்பதையே அறியாதவராகிறார்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்த அறிவுத் துறையை எடுத்தாலும் அதை முதலில் கண்டவர் முஸ்லிம்களே என்று சாதிக்கும் பழக்கம் நம் எழுத்தாளர் சிலரிடம் உண்டு. இத்துறையில் அப்படிச் சொல்ல இயலாது. அட்டவணைக் கலையை நம் முன்னோர் உச்சிக்குக் கொண்டு சென்றார்கள். ஸீஜ் எனப்படும் வானியல் அட்டவணைகள் பாக்தாதிலிருந்து சமர்கந்து வரை நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்டன. உலூக் பேக் 1437ஆம் ஆண்டளவில் முடித்த அட்டவணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்கள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டின் அல்கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறைமொழியை உடைக்கும் வழியைக் கற்பித்தார். எண்ணுவதும் நிரல்படுத்துவதும் நம்மவர்க்குக் கைவந்திருந்தன. எனினும் அந்த எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் கண்ணுக்கு முன் நிறுத்தும் வழக்கம் பிற்காலத்தது, ஐரோப்பாவில் வளர்ந்தது. உள்ளதை உள்ளபடி ஒப்புவதில் நமக்குக் குறைவொன்றுமில்லை.

வட்டப் படத்தை வரைந்தவர் வில்லியம் பிளேஃபேர். 1759இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்தவர், பின்னாளில் எடின்பரோவில் கணிதப் பேராசிரியரான அண்ணன் ஜான். அந்த அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வேலை விந்தையானது. நாள்தோறும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். அன்றைய அளவைக் கோடாகத் தாளில் பதிக்க வேண்டும். எண்ணால் சொல்லக்கூடிய எதையும் கோட்டாலும் சொல்லலாம் என்ற பாடத்தை அண்ணனிடமே கற்றதாகப் பிற்காலத்தில் பிளேஃபேர் நன்றியோடு எழுதினார். பிறகு நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணிபுரிந்தார். எந்திரப் பாகங்களை அளவு பிசகாமல் வரைந்த கை, வணிகக் கணக்கையும் வரையத் துணிந்தது.

1786இல் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் படத்தொகுப்பில் 44 படங்கள் இருந்தன. அவற்றுள் 43 படங்கள் கோட்டுப் படங்கள். இங்கிலாந்து ஒவ்வொரு நாட்டோடும் செய்த ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் ஆண்டுவாரியாக இரு கோடுகளாக ஓடின. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பில் வண்ணம் தீட்டி, எந்த ஆண்டில் இலாபம், எந்த ஆண்டில் நட்டம் என்று காட்டியிருந்தார். டென்மார்க், நார்வே நாடுகளுடனான வாணிபத்தை 1700 முதல் 1780 வரை அவர் வரைந்த படம் இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகிறது. இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில், நட்டத்தில் நடந்த வாணிபம் இலாபத்திற்குத் திரும்பிய காலத்தை எழுத்தறியாதவரும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

எஞ்சிய ஒரு படம்தான் சுவையானது. ஸ்காட்லாந்தின் வாணிபத்திற்கு 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஓராண்டுக் கணக்கே பிளேஃபேருக்குக் கிடைத்தது. ஓராண்டை வைத்துக் கோடு இழுப்பது எப்படி? கோடு ஓடுவதற்குக் காலம் வேண்டுமே! ஆகவே அவர் 17 நாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஏற்றுமதிக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று என இரு பட்டைகளை நீட்டினார். பட்டை விளக்கப்படம் இவ்வாறுதான் அச்சுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அதில் மனநிறைவில்லை. இப்படத்தில் காலம் இல்லாமையால் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தது என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் குறிப்பெழுதினார். தாம் வேறு வழியின்றிச் செய்த அந்தப் படமே பிற்காலத்தில் உலகின் எல்லாக் கடைக்கணக்குகளிலும் இடம்பிடிக்கப் போகிறதென்பதை அவர் எப்படி அறிவார்? ஆயினும் அவருடைய தயக்கத்தில் ஓர் உண்மை உண்டு. கையிலுள்ள கணக்கின் இயல்பே படத்தைத் தீர்மானிக்க வேண்டும். படத்தின் அழகு அன்று.

1801இல் வெளியான நூல் ஐரோப்பிய அரசுகளின் வலிமையை ஒப்பிடுவது. அதனுடன் இந்துஸ்தானத்து ஆளும் அரசுகளையும் இணைத்திருப்பதாக நூலின் தலைப்பே சொல்கிறது. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதானது 1799 மே 4ஆம் நாள். அதன்பின் ஈராண்டு கழிவதற்குள் இலண்டனில் நம் நாட்டின் அரசுகளை அளவெடுத்து வரையத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நினைக்கையில், படமும் பேரரசும் கைகோத்து நடந்த காலம் அது என்பது விளங்குகிறது. ஒரு நாட்டை ஆள நினைப்பவன் முதலில் அதை எண்ணுகிறான், பிறகு வரைகிறான்.

அந்நூலில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு வட்டம். நாட்டின் பரப்பு எவ்வளவோ அதற்கேற்ற பரப்பு வட்டத்திற்கும் உண்டு. வட்டத்தின் இடப்பக்கம் மக்கள்தொகையைக் காட்டும் ஒரு நிமிர்ந்த கோடு. வலப்பக்கம் அரசின் வருவாயைக் காட்டும் மற்றொரு கோடு. இரண்டின் உச்சிகளையும் ஒரு புள்ளிக்கோடு இணைக்கும். அந்தக் கோடு வலப்பக்கம் உயர்ந்து சாய்ந்தால் அந்நாட்டு மக்கள்மீது வரிச்சுமை மிகுதி என்று கொள்ள வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிற்காலத்து அறிஞர்கள் இதில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார்கள். கோட்டின் சாய்வு மக்கள்தொகையையும் வருவாயையும் மட்டுமா பொறுத்தது? இரு கோடுகளுக்கும் இடையில் கிடக்கும் வட்டத்தின் அகலத்தையும் பொறுத்தது! பரந்த நாட்டிற்குப் பெரிய வட்டம்; ஆகையால் சாய்வு தணிந்து தோன்றும். சிறிய நாட்டிற்குச் சிறிய வட்டம். ஆகையால் சாய்வு செங்குத்தாக நிற்கும். வரிச்சுமை ஒன்றாகவே இருந்தாலும், பரந்து கிடந்த உருசியாவின் குடிகள் இலேசாகவும் சிறிய நாட்டுக் குடிகள் நசுங்குவதாகவும் அந்தப் படம் காட்டிவிடும். பொய் எண் ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தும் படம் பொய் சொல்லக்கூடியது. படங்களின் வரலாற்றில் முதல் எச்சரிக்கை, அக்கலையின் தந்தையிடமிருந்தே நமக்குக் கிடைத்துவிட்டது.

பிளேஃபேரின் பிற்கால வாழ்க்கை பெருமைக்குரியதன்று. வங்கி ஒன்று நடத்தி நொடித்தார், கடனில் உழன்றார், வழக்குகளில் சிக்கினார், 1823இல் மறைந்தார். அவருடைய படங்களை இங்கிலாந்து நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அறிஞர்கள் அட்டவணையையே நம்பினார்கள். படம் என்பது சிறுபிள்ளைகளுக்கும் பொறுமையற்றவர்களுக்கும் உரியது என்று கருதினார்கள். அந்த எண்ணத்தை மாற்றிய பெருமை போரையும் கொள்ளைநோயையும் சாரும்.

1854ஆம் ஆண்டு இலண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், எந்த வீட்டில் எத்தனை சாவு என்பதைத் தெருப்படத்தின்மீது சிறு கறுப்புக் கோடுகளாக அடுக்கினார். கோடுகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்து நின்றன. அவர் மனத்தில் இருந்த கேள்வி "எங்கே?" என்பது. அதற்குத் தெருப்படத்தைத் தவிர வேறெந்தப் படமும் விடை சொல்லியிராது. இதுபோலவே, 1869இல் தம் 88ஆம் வயதை எட்டிய மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நெப்போலியன் உருசியாவின்மீது படையெடுத்த கதையை ஒரே பட்டையாக வரைந்தார். எல்லையைத் தாண்டும்போது 4,22,000 பேருக்குரிய அகலத்தில் தொடங்கும் பட்டை, மாஸ்கோவில் 1,00,000 ஆகக் குறுகி, திரும்பி வரும்போது 10,000 பேருக்குரிய நூலிழையாக மெலிந்துவிடுகிறது. பேரரசனின் ஆணவம் மெலிந்த கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வரலாற்றாசிரியர் எவருமில்லை என்றே கூறலாம்.

இனி நாம் மீண்டும் துருக்கிக்குச் செல்வோம். ஏனெனில் இக்கலை உயிர்காக்கும் கலையாக மாறியது அங்கேதான்.

இஸ்தன்பூலுக்கு எதிர்க்கரையில், ஆசியப் பக்கத்தில் இருப்பது உஸ்குதார். ஐரோப்பியர் நாவில் அது ஸ்கூட்டாரி ஆயிற்று. மஹாசிற்பி சினான் கட்டிய மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. சற்றுத் தொலைவில் சுல்தான் மூன்றாம் சலீம் தம் புதிய படைக்காக எழுப்பிய ஸலீமிய்யா படைவீடு. முதலில் எழுந்த கட்டிடம் ஜானிஸரிகளின் கலகத்தில் எரிந்துபோகவே, சுல்தான் இரண்டாம் மஹ்மூது அதைக் கல்லால் மீண்டும் கட்டினார். கிரீமியப் போர் மூண்டபோது உதுமானியரின் பக்கம் நின்ற ஆங்கிலேயருக்கு, அவர்களுடைய காயம்பட்டோரையும் நோயாளிகளையும் கிடத்துவதற்கு இந்தப் படைவீட்டைச் சுல்தான் அப்துல் மஜீதின் அரசு தந்துதவியது.

1854 நவம்பர் 4ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 தாதியருடன் அங்கு வந்திறங்கினார். "விளக்கேந்திய மங்கை" என்று நாம் பள்ளியில் படித்த கதையில் விளக்கு உண்டு, நோட்டுப்புத்தகம் இல்லை. உண்மையில் அந்த அம்மையாரின் பெரும் ஆயுதம் நோட்டுப்புத்தகமே. படைவீட்டின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. நீர் கெட்டிருந்தது, காற்று நாறியது. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்ந்த நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் மாண்டார்கள். மார்ச் மாதத்தில் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடைகளைத் தோண்டித் துப்புரவு செய்தது. ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 பேரே இறந்தனர்.

போர் முடிந்து ஊர் திரும்பியபின் நைட்டிங்கேல், பதிவகத்தின் புள்ளிவிவர மேதை வில்லியம் ஃபாருடன் அமர்ந்து கணக்குகளைப் பிரித்தார். 1855 ஜனவரி ஒரு மாதத்தை மட்டும் பாருங்கள். படையில் இருந்தோர் 32,393 பேர். தொற்று நோயால் மாண்டவர் 2,761. காயத்தால் மாண்டவர் 83. மற்றக் காரணங்களால் 324. உருசியனின் குண்டு ஒருவரைக் கொல்லும் நேரத்தில் அழுக்கு முப்பத்து மூவரைக் கொன்றது! அந்த மாதத்து வேகம் ஓராண்டு நீடித்திருந்தால் ஆயிரம் வீரருக்கு 1,022 என்ற விகிதத்தில் சாவு இருந்திருக்கும். அதாவது நோயொன்றே அப்படை முழுவதையும் தின்று தீர்த்திருக்கும்.

இந்த எண்களை அட்டவணையாக அச்சிட்டால் அமைச்சர்கள் படிப்பார்களா? அம்மையாருக்கு நம்பிக்கை இல்லை. ஃபாரோ, புள்ளிவிவரம் எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அறிவுரை சொன்னார். அம்மையார் கேட்கவில்லை. சொல் ஏறாத செவிகளுக்குக் கண்வழியே உணர்த்துவோம் என்பது அவருடைய துணிபு. 1858இல் அவர் வெளியிட்ட படம் "ரோஜாப் படம்" என்று பிற்காலத்தில் பெயர்பெற்றது. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் கடிகார முகம்போல் வட்டமாகச் சுழல்கின்றன. ஒவ்வொரு மாதத்திற்கும் மையத்திலிருந்து விரியும் ஓர் இதழ். தொற்று நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. 1854 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு ஒரு பூ. 1855 ஏப்ரலிலிருந்து அடுத்த ஓராண்டுக்கு மற்றொரு பூ. முதற்பூவின் நீலம் பெருவெள்ளமாகப் பரந்து கிடக்க, இரண்டாவது பூவின் நீலம் சுருங்கிப்போயிருக்கிறது. இடையில் நடந்தது துப்புரவுப் பணி.

அம்மையார் முதலில் வரைந்த படங்களில் எண்ணுக்கேற்பக் கோட்டின் நீளத்தை வைத்தார். ஆனால் கண் பார்ப்பது பரப்பையல்லவா? நீளம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். நான்கு மடங்குச் சாவு பதினாறு மடங்காகத் தோன்றும். தம் வாதத்திற்கு அது வலுச்சேர்ப்பதுதான் என்றாலும் அவர் அதை ஏற்கவில்லை. இதழின் பரப்பே எண்ணைக் குறிக்கும்படி மாற்றி வரைந்தார். தமக்கு அனுகூலமான மிகையைத் தாமே நீக்கிய இந்த நேர்மைக்காக நாம் அவரை விளக்குக்காகப் போற்றுவதைவிட மிகுதியாகப் போற்றலாம்.

ஆயினும் அந்த ரோஜா பொருத்தமான படந்தானா? நம் கருத்தில், முழுவதும் அன்று. பரப்பைக் கொண்டு எண்ணைக் காட்டும்போது, 33க்கு 1 என்ற ஏற்றத்தாழ்வு இதழின் நீளத்தில் ஏறத்தாழ 6க்கு 1 என்றே தோன்றும். அதே எண்களைப் பட்டைகளாக நிறுத்தியிருந்தால், நீலப் பட்டை பனைமரமாக உயர்ந்து நிற்க, சிவப்புப் பட்டை அதன் அடியில் புல்லாகக் கிடந்திருக்கும். மாதந்தோறும் ஏறி இறங்கிய சாவைக் காட்ட பிளேஃபேரின் எளிய கோடும் போதும். மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் படம் இரண்டாக முறிவதால், தொடர்ந்து இறங்கிவரும் அந்தச் சரிவையும் கண் தவறவிடுகிறது. ரோஜா, பார்ப்பவரைத் திடுக்கிட்டு நிற்கச் செய்வதற்காக வரையப்பட்டது. அந்த வேலையை அது செவ்வனே செய்தது. நின்றவர் எண்ணை அளந்து பார்க்க வேண்டுமானால் வேறு படம் தேவை.

அதையும் அவரே வரைந்து வைத்திருந்தார். அதிகம் பேசப்படாத அப்படம் வெறும் பட்டைகளால் ஆனது. இங்கிலாந்துக்குள், சமாதான காலத்தில், படைவீட்டில் வாழும் வீரரின் சாவையும் அதே வயதுடைய பொதுமக்களின் சாவையும் அது ஒப்பிடுகிறது. 20 முதல் 25 வயது வரை ஆயிரத்திற்குப் பொதுமக்கள் 8.4 பேர், வீரர் 17 பேர். 25 முதல் 30 வரை 9.2க்கு 18.3. 30 முதல் 35 வரை 10.2க்கு 18.4. 35 முதல் 40 வரை 11.6க்கு 19.3. நான்கு வயதுத் தொகுதிகளிலும் கறுப்புப் பட்டைக்கு அருகில் சிவப்புப் பட்டை ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு கிடக்கிறது. நாட்டின் திடமான இளைஞரைத் தேர்ந்தெடுத்துப் படையில் சேர்த்து, எதிரியே இல்லாத இடத்தில் இருமடங்காகச் சாகவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அலங்காரம் ஏதுமில்லை, ஆகவே மறுக்கவும் இயலவில்லை. 1858இல் இலண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அதன்பின் அவருடைய பார்வை நம் நாட்டின்மீது திரும்பியது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்திற்கு 69 பேர் இறப்பதை 1863இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. பத்தாண்டு கழித்து அது 18 ஆகக் குறைந்ததென்று அம்மையார் எழுதினார். படையின் சுகாதாரத்தில் தொடங்கிய அவருடைய எழுத்து, பின்னர் நம் கிராமத்து ஏழை உழவரின் பசிக்கும் தாகத்திற்கும் வந்து சேர்ந்தது.

ஒரு செய்தி நம் நெஞ்சை உறுத்துகிறது. அந்த ரோஜாப் படத்தில் துருக்கி வீரர் ஒருவர்கூட இல்லை. வீடு சுல்தானுடையது, நிலம் உதுமானியருடையது, போரில் முன்னணியில் நின்று மடிந்தவருள் அவர்களும் உண்டு. ஆனால் அது ஆங்கிலப் படையின் கணக்கு. அவர்களுக்காக நோட்டுப்புத்தகம் திறந்து எண்ணிய ஒரு நைட்டிங்கேல் இல்லாமையால், அவர்களுக்காக ஒரு பூவும் மலரவில்லை. படைவீட்டிற்கு அருகில் ஹைதர்பாஷாவில், உதுமானிய அரசு அளித்த நிலத்தில் ஆங்கிலேயரின் அடக்கத்தலம் இருக்கிறது. அதில் கிரீமியப் போர்க்காலத்து வீரர் ஏறத்தாழ 6,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலோர் குண்டால் அல்லாமல் நோயால் மாண்டவர்.

இத்தனை அனுபவத்திற்குப் பின்னும், எந்தப் படத்தைக் கண் சரியாகப் படிக்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்களான கிளீவ்லாந்தும் மெக்கில்லும் முறையாகச் சோதித்துக் கட்டுரையாக்கியது 1984இல்தான். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் உயரத்தை மனிதர் பெரும்பாலும் பிசகாமல் ஒப்பிடுகின்றனர். கோணத்தில் தடுமாறுகின்றனர். பரப்பில் இன்னும் தடுமாறுகின்றனர். ஆகவே வட்டப் படத்திற்கு உரிய இடம் சிறியது. ஒரு மஹல்லாவின் பைத்துல்மாலில் சேர்ந்த தொகை மாணவர் உதவிக்கு இவ்வளவு, விதவையர்க்கு இவ்வளவு, மருத்துவத்திற்கு இவ்வளவு என்று ஒரே பையிலிருந்து பங்கிடப்பட்டதென்றால் வட்டம் பொருந்தும். பங்குகள் நான்கைந்துக்கு மேல் போகாதிருக்க வேண்டும். ஆனால் 2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு நூற்றுக்கு 73.5, தமிழக முஸ்லிம்களிடையே 82.9 என்ற செய்தியை வட்டத்தில் அடைக்க முயன்றால் என்னாகும்? இரண்டும் ஒரு முழுமையின் பங்குகள் அல்ல. கூட்டினால் நூற்றைத் தாண்டிவிடும். அருகருகே இரு பட்டைகள் நிறுத்துவதே முறை. இத்தகைய வட்டங்களை ஆண்டுமலர்களில் நாம் கண்டதுண்டு.

பட்டைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதன் அடி சுழியத்தில் நிற்க வேண்டும். கோட்டுப் படத்திற்கு இது கட்டாயமன்று. காய்ச்சல்காரரின் வெப்பநிலையைச் சுழியத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே கண்ணுக்குத் தெரியாது. பட்டையோ உயரத்தால் பேசுவது. காலை வெட்டிவிட்டால் அது பொய்யுரைக்கும். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 2001இல் நூற்றுக்கு 5.56, 2011இல் 5.86. சுழியத்திலிருந்து வரைந்தால் இரு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரம். அடியை 5.5இல் வைத்து வரைந்து பாருங்கள். முதற்பட்டையின் உயரம் 0.06, அடுத்ததன் உயரம் 0.36. பத்தாண்டில் ஆறு மடங்கு பெருகிவிட்டது போன்ற தோற்றம்! எண்கள் இரண்டும் அரசு தந்தவை, ஒன்றும் திருத்தப்படவில்லை. இப்படி வரைபவர் நம்மை அச்சத்தின் உருவாக்க நினைப்பவராகவும் இருக்கலாம்; நம் பெருக்கத்தில் பெருமை கொள்ளும் நம்மவராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே பிழைதான்.

2004 செப்டம்பரில் நடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2001 கணக்கெடுப்பின் மதவாரி விவரங்கள் வெளியானபோது, முந்தைய பத்தாண்டில் முஸ்லிம்களின் வளர்ச்சி நூற்றுக்கு 36 என்ற எண் தலைப்புச் செய்தியாயிற்று. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 1981இல் அஸ்ஸாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. முந்தைய கணக்கில் இடம்பெறாத மக்கள் புதிய கணக்கில் சேரும்போது, அவர்கள் புதிதாகப் பிறந்தவர்போல் தோன்றிவிடுகிறார்கள். அவ்விரு மாநிலங்களையும் நீக்கி ஒப்பிட்டபோது, வளர்ச்சி 32.9இலிருந்து 29.3ஆகக் குறைந்திருந்தது தெரியவந்தது. ஏறியதாகச் சொல்லப்பட்டது இறங்கியிருந்தது. திருத்தம் விரைவில் வந்தது. ஆனால் முதல்நாள் தலைப்புக்குக் கிடைத்த எழுத்தின் பருமன் திருத்தத்திற்குக் கிடைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பின் மதவாரி விவரங்கள் 2015 ஆகஸ்டில் வெளியாயின. நாட்டில் முஸ்லிம்களின் பங்கு 13.4இலிருந்து 14.2 ஆயிற்று. இதைப் பட்டையாக வரைந்தால் சிறு ஏற்றம் தெரியும், அது உண்மை. அதே பத்தாண்டின் வளர்ச்சி வீதம் 24.6. இதை முந்தைய பத்தாண்டுகளோடு கோடாக வரைந்தால் தொடர்ந்த இறக்கம் தெரியும், அதுவும் உண்மை. முதற்படம் "எவ்வளவு பங்கு?" என்ற கேள்விக்கு விடை, இரண்டாவது படம் "வேகம் கூடுகிறதா, குறைகிறதா?" என்ற கேள்விக்கு விடை. ஒரு கேள்விக்குரிய படத்தைக் காட்டி மற்றொரு கேள்விக்கு விடை சொல்பவரிடம்தான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளின் வரைபடத்தாள் ஒன்று கிடைக்குமானால் வாசகர்கள் தாமே செய்து பார்க்கலாம். அடியில் 1991, 2001, 2011 என மூன்று ஆண்டுகளைச் சம இடைவெளியில் குறியுங்கள். 2001இன் எண்ணுக்கு அவ்விரு மாநிலங்கள் நீங்கிய கணக்கையே கொள்ளுங்கள். 32.9, 29.3, 24.6 என்ற மூன்று புள்ளிகளை இட்டுக் கோட்டால் இணையுங்கள். அதே தாளில், அதே ஆண்டுகளின்மேல், 36 என்ற அந்தத் தலைப்புச் செய்தி எண்ணையும் ஒரு தனிப்புள்ளியாக வைத்துப் பாருங்கள். கோட்டிற்கு வெளியே, எந்த ஊருக்கும் போகாத வழியில் அது தனித்து நிற்கும்.